களத்தை விட்டுப் போகாதவர்கள்

விளையாட்டு வீரர் ஒருவரின் ஆட்டக்காலம் பெரும்பாலும் முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதன்பின் எஞ்சியிருக்கும் முப்பது நாற்பது ஆண்டுகளில் அவர் கற்றதெல்லாம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தே, அவருடைய ஊரில் அந்த விளையாட்டு நிலைக்கிறதா அழிகிறதா என்பது முடிவாகிறது. தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசத்திலிருந்து சாலை வழி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், 1986ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்த கோவில்பட்டி, இதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அந்தக் கரிசல் நகரத்துக்கு ‘ஹாக்கிப்பட்டி’ என்றொரு செல்லப் பெயரும் உண்டு. அங்கிருந்து இந்திய அணிக்குச் சென்றவர்கள் அந்தப் பெயருக்குப் பெருமை சேர்த்தார்கள் என்பது உண்மையே. ஆயினும் அதை ஈட்டித் தந்தவர்கள், ஆடி முடித்தபின் அதே மைதானத்துக்குப் பயிற்றுநராகத் திரும்பி வந்த பல தலைமுறை ஆட்டக்காரர்கள்.

இத்தகைய வாழ்நாள் ஈடுபாடு எப்படிப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள, ஹாக்கிக்கு நெருங்கிய உறவான ஹர்லிங் என்னும் அயர்லாந்து ஆட்டத்தை அறிந்துகொள்வது பயன்தரும். அணிக்கு 15 பேராக, 130 முதல் 145 மீட்டர் வரை நீளமுள்ள புல்தரையில், அகன்ற நுனியுடைய மரமட்டையால், தக்கையைத் தோலால் பொதிந்து செய்த சிறு பந்தை அடித்து ஆடுவது ஹர்லிங். மட்டைக்கு ஐரிஷ் மொழியில் கமான் என்றும் பந்துக்கு ஸ்லிட்டர் என்றும் பெயர். ஹாக்கியில் மட்டையின் பின்பக்கத்தால் பந்தை ஆடக் கூடாது, கோல்காப்பாளரைத் தவிர வேறு யாருடைய உடலிலும் பந்து பட்டு ஆதாயம் பெறக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் இருக்க, ஹர்லிங்கில் மட்டையின் இரு பக்கங்களாலும் அடிக்கலாம், பந்தைக் கையால் பிடிக்கலாம், மட்டை நுனியில் பந்தை நிறுத்தியபடியே ஓடலாம், அந்தரத்தில் பறந்து வரும் பந்தை அப்படியே ஓங்கி அடிக்கலாம். ஆங்கில எச் எழுத்தைப் போன்ற கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து சென்றால் 1 புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் அது 3 புள்ளிகளுக்குச் சமமான ஒரு கோல். மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக இந்த ஆட்டத்தை 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

ஹர்லிங்கின் விதிகளைக் காட்டிலும் வியப்புக்குரியது அது நடத்தப்படும் முறை. 1884ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தர்ல்ஸ் என்னும் சிற்றூரில் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம் இன்றளவும் ஹர்லிங்கை ஊதியமற்ற ஆட்டமாகவே காத்துவருகிறது. டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கில் 80,000 பேருக்கு மேல் கூடிப் பார்க்கும் இறுதிப் போட்டியில் ஆடுபவரும், மறுநாள் பள்ளிக்கோ வயலுக்கோ அலுவலகத்துக்கோ வேலைக்குச் செல்பவர்தாம். தம் ஊர்க் கழகத்துக்காகவும் தம் மாவட்டத்துக்காகவும் ஆடுவதே அங்கு வழக்கம் என்பதால், ஆடி ஓய்ந்தவரும் ஊரிலேயே இருக்கிறார். ஊரிலேயே இருப்பதால் அடுத்த தலைமுறையின் கையில் மட்டையைக் கொடுப்பவராகவும் அவரே ஆகிறார். கில்கென்னி மாவட்டத்தைச் சேர்ந்த பிரையன் கோடி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1982இல் தம் மாவட்ட அணியின் தலைவராக அனைத்து அயர்லாந்துக் கோப்பையை வென்ற அவர், தொழிலால் பள்ளி ஆசிரியர். 1998 முதல் 2022 வரை அதே மாவட்ட அணியின் பொறுப்பாளராக இருந்து 11 கோப்பைகளைப் பெற்றுத் தந்தார். அவர் விலகியபோது அந்தப் பொறுப்பை ஏற்ற டெரெக் லிங், அவரிடமே ஆடிப் பழகியவர்.

தமிழ்நாட்டுக்கு ஹர்லிங் வந்ததில்லை. எனினும் அந்தரத்தில் எழும் பொருளைக் கோலால் அடிக்கும் கலை தாமிரபரணிக் கரைச் சிறுவர்களுக்குப் புதிதன்று. கிட்டிப்புள் ஆடிய எவருக்கும், புள்ளைத் தட்டி எழுப்பி அது விழுமுன் அடிப்பதற்குத் தேவையான கண்ணும் கையும் ஒத்துழைக்கும் அந்த நொடி தெரியும். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் கோயில் கொண்டிருக்கும் சொரிமுத்து அய்யனாரை ஆடி அமாவாசையில் வழிபடச் செல்லும் மக்களுக்கு, அய்யனார் படிமங்களின் கையில் செண்டு எனப்படும் நுனி வளைந்த கோல் இடம்பெறுவதும் பழக்கமான செய்தியே. இவற்றைக் கொண்டு ஹாக்கி நம் முன்னோர் ஆடிய ஆட்டம் என்று வரலாறு எழுதத் துணிவது பொருந்தாது. ஹாக்கி இங்கு ஆங்கிலேயர் காலத்தில் படைமுகாம்கள், ரயில்வே, பள்ளிகள் ஆகியவற்றின் வழியே வந்தது. வந்த ஆட்டத்தைத் தமதாக்கிக்கொண்டதுதான் இந்த மண்ணின் சாதனை.

கோவில்பட்டி அதைத் தனதாக்கிக்கொண்ட விதம் தனித்துக் கவனிக்கத்தக்கது. ஆற்றுப் பாசனம் எட்டாத, வானம் பார்த்த கரிசல் பூமி அது. நகரத்தின் குடிநீரே சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுக்கப்பட்டுக் குழாய் வழியே செல்கிறது. பஞ்சாலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த ஓர் ஊரில், கிரிக்கெட் நாடெங்கும் பரவி மற்ற ஆட்டங்களை ஓரங்கட்டிய காலத்திலும் ஹாக்கி தளராமல் நின்றது. பாண்டவர்மங்கலம், இலுப்பையூரணி போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் ஹாக்கி வேரூன்றியிருப்பதும், கோடைதோறும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடப்பதும், ரயில்வே, வங்கி, ராணுவம் எனப் பல துறைகளின் அணிகள் வந்து அங்கு ஆடுவதும், இந்த ஆட்டத்தை ஊரின் ஆண்டு ஒழுங்கில் ஒரு பகுதியாக்கியுள்ளன. வெளியூர் அணிகளின் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய கூட்டம் என்பதால், கோலுக்கு மட்டும் கைதட்டாமல், நடுக்களத்தில் ஒருவர் பந்தை அடக்கித் திருப்பும் அழகுக்கும் கைதட்டத் தெரிந்த கூட்டம் அது. இத்தகைய பார்வையாளர்கள் இருக்கும் இடத்தில் பயிற்றுநரின் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி விடியற்காலையிலும் பள்ளி விட்ட மாலையிலும் நடக்கிறது. முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் பத்து வயதுச் சிறுவனுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது பந்தை அடிப்பதை அன்று. முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, தலையைப் பந்துக்கு நேராக வைத்து நிற்பதை. இடக்கை மட்டையின் மேற்பிடியை இறுக்கிப் பற்றித் திருப்ப, வலக்கை கீழே தளர்ந்து வழிகாட்ட வேண்டும் என்ற எளிய பாடம், உடலில் படிய ஒரு வருடம் பிடிக்கிறது. இடமும் வலமுமாக மட்டையைப் புரட்டிப் புரட்டிப் பந்தைத் தன்னோடு கொண்டுசெல்லும் டிரிப்ளிங், வேகமாக வரும் பந்தை மட்டையில் அடங்கச் செய்யும் டிராப்பிங், ஓசையின்றி உருட்டித் தரும் புஷ் ஆகிய மூன்றும் வசப்படுவதற்கு முன் கோல் அடிக்க ஆசைப்படும் சிறுவனைத் தடுத்து நிறுத்துவதற்கு, அந்த ஆசையைத் தானும் பட்டுக் கடந்த ஒருவர்தாம் தேவை. பாடநூல் படித்த பயிற்றுநருக்கும் ஆடிப் பழுத்த பயிற்றுநருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது.

ஆடிப் பழுத்ததாலேயே ஒருவர் நல்ல ஆசிரியர் ஆகிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தான் ஆடிய காலத்து ஆட்டத்தையே இன்றைய பிள்ளைகளுக்கும் கற்பிப்பவர், தன்னை அறியாமலே அவர்களைப் பின்னுக்கு இழுக்கிறார். ஹாக்கியில் இந்த ஆபத்து மற்ற ஆட்டங்களைவிட மிகுதி. ஏனெனில் இந்த ஆட்டத்தின் தரையே மாறிவிட்டது. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கை இழைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டபோது, 1928 முதல் ஒருமுறையும் பதக்கம் தவறாத இந்தியா 7ஆம் இடத்துக்குச் சரிந்தது. மண்தரையில் பந்து கல்லில் பட்டுத் துள்ளும், புழுதியில் வேகம் குறையும். அதனால் கடைசி நொடி வரை மட்டையை நேராக நிறுத்தி, மணிக்கட்டின் நுட்பத்தால் பந்தை அடக்குவது அங்கு வளர்ந்த கலை. நீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து துள்ளாமல், வேகம் குறையாமல், கோடு கிழித்தாற்போல் வருகிறது. மட்டையைக் கிடையாகப் படுக்கவைத்துத் தரையோடு தரையாகத் தடுக்கலாம், நீண்ட பாஸ்களைத் துணிந்து கொடுக்கலாம், ஓடிக்கொண்டே இருக்கும் உடல்வலிமை இல்லாதவர் பின்தங்கிவிடுவார். ஒரு விதத்தில் ஆசிய வீரர்கள் இரண்டு தலைமுறையாகச் சேர்த்துவைத்த மணிக்கட்டு நுட்பத்தின் மதிப்பை அந்தத் தரை ஒரே நாளில் குறைத்தது.

பெனால்டி கார்னர் எனப்படும் வாய்ப்பிலும் அதே மாற்றம். தற்காக்கும் அணி தன் வட்டத்துக்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பில், பின்கோட்டிலிருந்து தள்ளிவிடப்படும் பந்தை வட்டத்துக்கு வெளியே ஒருவர் நிறுத்த, இன்னொருவர் கோலை நோக்கி அடிப்பார். தடுக்கக் கோல்காப்பாளர் உட்பட ஐவர் மட்டுமே நிற்கலாம். மண்தரையில் பந்து சரியாக நிற்பதே அரிது. செயற்கைத் தரையிலோ, நின்ற பந்தை மட்டைத் தண்டின் வளைவோடு சேர்த்து இழுத்து வந்து சுழற்றி எறியும் டிராக் ஃபிளிக் என்ற உத்தி வளர்ந்து, ஆட்டங்களின் முடிவையே அது தீர்மானிக்கத் தொடங்கியது. மண்தரையில் மட்டும் பழகிய கோவில்பட்டிப் பிள்ளைகள் தேர்வுக்காக வெளியூர் சென்று முதன்முறையாகச் செயற்கைத் தரையில் கால் வைத்தபோது திகைத்து நின்றதில் வியப்பில்லை. அவர்களுக்குக் கற்பித்தவர்களுக்கும் அந்தத் தரை அந்நியமாகவே இருந்தது.

கிருஷ்ணா நகரில் செயற்கை இழை மைதானம் அமைந்ததும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி அங்கு இயங்குவதும் அந்தக் குறையைப் பெருமளவு நீக்கின. 2022ஆம் ஆண்டு மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில், கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயின்ற கார்த்தி செல்வமும் ஒருசேர இடம்பெற்றார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அந்தப் போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றது. அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியா பட்டம் வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். 2025ஆம் ஆண்டின் இறுதியில் 24 நாடுகள் பங்கேற்ற இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, தென் மாவட்டப் பிள்ளைகள் உலகத்தர ஆட்டத்தை ஒரு பேருந்துப் பயணத்தில் சென்று பார்க்கக் கிடைத்த நல்வாய்ப்பு.

ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் ஒரே வாழ்க்கையில் இந்தத் தரைமாற்றத்தை முழுவதும் கண்ட தமிழர் வாசுதேவன் பாஸ்கரன். மான்ட்ரியலில் தோற்ற அணியில் அவர் இருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர் அவரே. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய அணிகள் வராத அந்தப் போட்டியின் மதிப்பைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. ஆனால் 1980 ஜூலை 29 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் 3-0 என முன்னணியில் இருந்த இந்தியாவை ஸ்பெயினின் ஹுவான் அமாத் தன் மூன்று கோல்களால் விரட்டிப் பிடிக்க வந்ததையும், 4-3 என்ற கணக்கில் இந்தியா தாக்குப்பிடித்து வென்றதையும் அறிந்தவர்கள் அந்தப் பதக்கத்தை எளிதில் கிடைத்ததாகச் சொல்ல மாட்டார்கள். அதுவே ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா வென்ற எட்டாவது தங்கம். அதற்கு அடுத்த பதக்கம் கிடைக்க 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை 41 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

பாஸ்கரனின் வாழ்க்கையில் போற்றத்தக்க பகுதி, தங்கப் பதக்கத்துக்கும் பத்மஸ்ரீ விருதுக்கும் பிறகு தொடங்குகிறது. தலைவராகத் தங்கம் வென்றவர் அந்தப் புகழோடு ஒதுங்கியிருக்கலாம். அவரோ தோற்கக்கூடிய இடத்துக்கு மீண்டும் வந்தார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த அணி, போலந்துக்கு எதிராக முன்னணியில் இருந்து, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை வாங்கி, 1-1 எனச் சமனில் முடித்து அரையிறுதியை இழந்தது. 2006 உலகக் கோப்பையில் அவர் பொறுப்பிலிருந்த அணி 11ஆம் இடத்தில் முடிந்தது. இந்தத் தோல்விகள் அவருடைய பெயரோடு சேர்த்தே எழுதப்படும் என்பதை அறிந்தும் பயிற்றுநர் நாற்காலியில் அமர்ந்த துணிவு, மாஸ்கோ மைதானத்தில் காட்டிய துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆட்டக்காரரின் தவறு அடுத்த நிமிடத்தில் அவராலேயே ஈடுசெய்யப்படலாம். பயிற்றுநரோ பக்கக்கோட்டுக்கு வெளியே நின்று, தான் தொட முடியாத பந்துக்குப் பொறுப்பேற்கிறார்.

தேசிய அணியின் பயிற்றுநருக்காவது பெயரும் விருதும் உண்டு. துரோணாச்சாரியா விருது 1985 முதல் வழங்கப்படுகிறது. ஆனால் பிள்ளையின் கையில் முதன்முதலில் மட்டையைக் கொடுத்தவரின் பெயர் எந்தச் செய்தியிலும் பெரும்பாலும் வருவதில்லை. சிறு நகரங்களில் அவர் வேறு வேலையில் இருந்துகொண்டே பயிற்சி தருகிறார். கார்பன் இழையும் கண்ணாடி இழையும் கலந்து செய்யும் இன்றைய மட்டைகள், மல்பெரி மரத்தில் செய்த பழைய மட்டைகளைவிடப் பன்மடங்கு விலை என்பதால், மூத்த வீரர்கள் விட்டுச்சென்றவற்றைச் சேகரித்துப் பிள்ளைகளுக்குத் தருகிறார். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு அளிக்கப்படும் 3 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பற்றியும் ரயில்வே, காவல் துறைத் தேர்வுகளைப் பற்றியும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லி, பதினைந்து வயதில் பிள்ளையை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடாமல் தடுப்பவரும் அவரே. வேலை கிடைத்து வெளியூர் சென்ற வீரர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது மைதானத்துக்கு வந்து இரண்டு நாள் சிறுவர்களோடு ஆடுகிறார் என்றால், அந்தப் பழக்கத்தையும் அவரே விதைத்திருப்பார். ஹர்லிங்கை ஊதியமில்லாமல் காக்கும் அயர்லாந்து ஊர்களுக்குக் கழகம், மைதானம், ஒழுங்கான போட்டி அட்டவணை என்ற வலுவான கட்டமைப்பு துணையாக இருக்கிறது. அது இல்லாத இடத்தில் ஊதியமற்ற உழைப்பை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

தாமிரபரணிக் கரையிலுள்ள பாபநாசத்துக்கும் அதன் அண்டை ஊர்களுக்கும் இதில் என்ன பங்கு என்ற கேள்வி எழலாம். அணையின் நீர்மட்டம் 143 அடியை எட்டுகிறதா என்று கோடை முடிந்து மழைக்காலம் வரை கவனித்திருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில், நீருக்கும் நிழலுக்கும் குறைவில்லை. விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என ஆற்றோரமாக வரிசையாக அமைந்த ஊர்களில் பள்ளிகளும் நெருக்கமாக உள்ளன. கரிசலில் வேரூன்றிய ஆட்டம் ஆற்றங்கரையில் வேரூன்றாமல் போகக் காரணம் ஏதுமில்லை. செயற்கைத் தரை வந்தால்தான் ஹாக்கி தொடங்க முடியும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. பத்து வயதில் கற்க வேண்டிய நிற்கும் நிலை, பிடி, பந்தடக்கம் ஆகிய மூன்றும் மண்தரையிலேயே கற்கத்தக்கவை, மட்டையும் பந்தும் சமன்செய்த ஒரு திடலும் போதும். மேலும், செயற்கைத் தரைக்குத் தெளிக்க வேண்டிய நீரின் அளவைக் குறைப்பது குறித்து உலக ஹாக்கிக் கூட்டமைப்பே இப்போது முனைந்து செயல்படுகிறது என்பதால், ஆட்டத்தின் தரை இன்னொரு முறையும் மாறக்கூடும். அப்போதும் மாறாமல் தேவைப்படுபவர், தரை மாறும்போது தானும் மாறக் கற்றுக்கொண்ட பயிற்றுநர் மட்டுமே.

ஆகவே, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் ரயில்வேயிலும் காவல் துறையிலும் வங்கிகளிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹாக்கி ஆட்டக்காரர்களைக் கணக்கெடுத்து, இன்றைய பயிற்சி முறைகளில் அவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்து, மாத மதிப்பூதியத்தோடு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஒரு திட்டத்தை விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பள்ளிக் கல்வித் துறையும் இணைந்து தொடங்க வேண்டும். தலைமையாசிரியர்கள் பள்ளித் திடல்களை விடுமுறை நாட்களிலும் திறந்துவைக்க வேண்டும். ஆடிய காலத்து மட்டையைப் பரணில் வைத்திருக்கும் மூத்த வீரர்கள், அரசாணைக்காகக் காத்திராமல், இந்த வாரமே தம் ஊர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைச் சென்று பார்க்க வேண்டும்.